பெருங்கொடுவாவைத் தேடும் ஈயத்தூண்டில்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே, சம்பூருக்கு அண்மையில் வாழும் மாணவர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கட்டைபறிச்சான் பாலத்தடியிலும் களப்பின் வாயிலும் மாலை வேளைகளில் ஈயத்தலைத் தூண்டில் எறிவது அவருடைய வழக்கமாம். சாண் நீளமும் முழ நீளமுமான கொடுவாக்கள் அவ்வப்போது படுகின்றனவாம். “ஆனால் பெரிய மீன் ஒன்றேனும் இதுவரை என் நூலில் ஏறவில்லை. பெரிய மீன் அங்கே இல்லையா? அன்றி, அதைப் பிடிக்கும் வித்தை எனக்குத் தெரியவில்லையா?” என்று கேட்கிறார்.

இரண்டும் ஓரளவு உண்மை என்பதே நமது விடை. வித்தையை முதலில் பார்ப்போம். மீன் குறைந்த கதையைப் பின்னர் சொல்வோம்.

ஆங்கிலேயர் “ஜிக்” என்று அழைக்கும் இந்தத் தூண்டிலைப்போல எளிய கருவி மீன்பிடித் தொழிலில் வேறில்லை. தூண்டில் முள்ளின் கழுத்திலே சிறு ஈயக்குண்டு ஒன்றை வார்த்து, அதன் பின்னால் சேவலின் இறகையோ, ஆட்டு மயிரையோ, இறப்பரால் செய்த மீன்குஞ்சு உருவத்தையோ கட்டிவிட்டால் ஜிக் ஆயிற்று. உயிருள்ள இரை வேண்டியதில்லை. நூலைக் கட்டும் வளையம் ஈயத்தின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், நீருக்குள்ளே முள்ளின் கூர் மேல்நோக்கி நிற்கும். ஆகவே அடித்தரையிலுள்ள வேரிலும் பாறையிலும் அது எளிதில் மாட்டிக்கொள்வதில்லை. ஈயத்தலை தரையைத் தொட்டுத் தொட்டு எழும்போது, சேற்றிலே இறால் துள்ளுவதுபோலத் தோன்றும்.

அமெரிக்க நாட்டில் இத்தூண்டிலுக்குப் பெயர்பெற்ற மீன் அங்குள்ள ஏரிகளில் வாழும் அகன்ற வாயுடைய “பாஸ்” மீனாகும். 1932 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2 ஆம் நாள், ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்னும் ஏழை உழவர் இளைஞர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். கிலோக் கணக்கில் அது பத்துக்குச் சற்றே மேல். பொருளாதார மந்தத்தின் கொடுமை மிகுந்திருந்த அந்நாளில், அவர் அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுசென்று குடும்பத்தோடு சமைத்து உண்டுவிட்டார். எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 2009 ஜூலையில், ஜப்பானின் பிவா ஏரியிலே மனாபு குரிட்டா என்பவர் ஏறத்தாழ அதே எடையுள்ள மீனைப் பிடித்து அச்சாதனையைச் சமன் செய்தார். ஒன்றைக் கவனியுங்கள். பாஸ் ஜப்பானின் சொந்த மீன் அன்று. விளையாட்டுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அது, உள்ளூர் மீன்களை விழுங்கிப் பெருகிற்று. கொண்டுவந்தவர்களையே பின்னர் வருந்தச் செய்த மீன் அது. நமது குளங்களில் அதனை விட்டாலென்ன என்று ஆசைப்படுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நமக்கு அந்த ஆசை எதற்கு? அமெரிக்கப் பாசைவிட நான்கு மடங்கு பெரிதாக வளரக்கூடிய கொடுவா நமது ஆற்றுமுகங்களிலேயே இருக்கின்றது! இரண்டுக்கும் உறவு எதுவுமில்லை. ஆங்கிலேயர் தம் நாட்டு மீனின் சாயல் கண்ட இடமெல்லாம் “பாஸ்” என்று பெயரிட்டு, நமது கொடுவாவை “ஆசியக் கடற்பாஸ்” ஆக்கினர். ஆஸ்திரேலியர் அதையே “பரமண்டி” என்பர். அந்நாட்டின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மொண்டூரன் என்னும் நீர்த்தேக்கத்தில் 2010 ஆம் ஆண்டு தூண்டிலில் பட்ட கொடுவாவின் எடை 44.64 கிலோ.

உறவில்லாவிட்டாலும் குணம் ஒன்றுதான். இரண்டும் ஓடித் துரத்தும் மீன்களல்ல. பதுங்கிப் பாயும் மீன்கள். பாரையும் சீலாவும் இரையைத் துரத்திக் கடிக்கும். கொடுவாவோ வேர்மறைவிலோ தூண்நிழலிலோ நீரோட்டத்தை எதிர்நோக்கி அசையாமல் நிற்கும். இரை அருகே வந்ததும் வாயைத் திடீரென அகலத் திறக்கும். அப்போது நீரும் இரையும் சேர்ந்து உள்ளே உறிஞ்சப்படும். இரவிலே பாலத்தின்மேல் நிற்போர் கேட்கும் “பொப்” என்ற ஓசை அதுதான். அதன் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பியெறியும் படலம் உண்டு. விளக்கொளி பட்டால் அந்தக் கண் தணல்போலச் சிவந்து தெரிவது இதனால்தான். மங்கிய ஒளியில் இறாலைவிடவும் சிறுமீனைவிடவும் அதற்குப் பார்வை அதிகம். ஆகவே மாலை மயங்கும் நேரமும் விடியற்காலையும் அதன் வேட்டை வேளைகள்.

கொட்டியாரக் குடா இம்மீனுக்கென்றே அமைந்த இடம் எனலாம். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடிவந்து இக்குடாவிலே கலக்கின்றது. மலைநாட்டு மண்ணைக் கொண்டுவந்து சொரியும் ஆற்றுமுகம் ஒருபுறம். உப்பும் நன்னீரும் கலந்த களப்புகளும் கண்டற்காடுகளும் ஒருபுறம். குடாவின் உள்ளேயே தொடங்கித் திடீரென ஆழ்ந்து செல்லும் கடற்பள்ளத்தாக்கு மற்றொருபுறம். நீலத் திமிங்கிலம் உலாவும் ஆழமும் இறாற்குஞ்சு ஒளியும் சேறும் இத்துணை அருகருகே அமைந்த கரை உலகில் மிகச் சில. 1660 ஆம் ஆண்டிலே, புயலில் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிட இக்குடாவில் இறங்கிய இடத்தில்தான் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நாட்டிலே சிறையிருந்து தப்பி, 1681 இல் அவன் வெளியிட்ட நூலை மாணவர்கள் அறிவார்கள்.

இனி வித்தைக்கு வருவோம்.

முதலாவது, இடம். “எங்கே எறிந்தாலும் மீன்தானே” என்று எண்ணுபவர் சிறுமீனையே பிடிப்பார். சிறு கொடுவாக்கள் கூட்டமாகத் திரியும். பெரியது தனித்து நிற்கும். அது மட்டுமன்று; நல்ல இடத்தைப் பெரியதே பிடித்துக்கொள்ளும். நல்ல இடம் எது? ஓட்டத்தின் வேகம் குறைந்த ஒதுக்கும், ஓட்டம் இரையைக் கொண்டுவரும் வழியும் அடுத்தடுத்து இருக்குமிடம். பாலத்தூணை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் தூணில் மோதிப் பிரியும் முகப்பிலே ஒரு சிறு அமைதி உண்டு. தூணின் பின்னே நிழல்போல நீண்ட அமைதி உண்டு. இவ்விரண்டில் ஒன்றில்தான் அது நிற்கும். கண்டற்கரையிலும் அவ்வாறே. ஒரே சீராக வளர்ந்த வேர்வரிசையைவிட, வரிசை முறிந்து சிறுவாய்க்கால் ஒன்று வெளியேறும் மூலை சிறந்தது.

அடுத்தது வேளை. திருகோணமலைக் கடலில் வற்றும் பெருக்கும் மிகச் சிறியன. ஆஸ்திரேலியாவின் வடகரையில் நீர் பல மீட்டர் ஏறியிறங்குகின்றது; இங்கே ஒரு மீட்டர்கூட இல்லை. ஆகவே பிறநாட்டு நூல்களைப் படித்துவிட்டு வற்றுக்கணக்கு ஒன்றையே நம்பிக் கரைக்குப் போகிறவர் ஏமாறுவார். சிறிதாயினும் ஓட்டம் ஓட்டமே. அமாவாசை, பூரணைக்கு அண்மித்த நாட்களில் நீர் வற்றத் தொடங்கியதும், வேர்களுக்கிடையில் மேய்ந்த திரளியும் இறாலும் வாய்க்கால் வழியே வெளியேறியாக வேண்டும். கொடுவா வாயிலிலே காத்திருக்கும். ஆயின் இக்கரையில் வற்றைவிட வலியது மழை. ஐப்பசி முதல் தை வரையில் வாடைமழை பொழிந்து ஆறுகள் பெருகும்போது, செந்நீர் கடலுக்குள் நாவுபோல நீளும். செந்நீரும் தெளிநீரும் சந்திக்கும் எல்லைக்கோட்டைக் கரையிலிருந்தே காணலாம். வெள்ளத்தின் உச்சத்தில் எறிவது வீண். வெள்ளம் தணிந்து நீர் தேநீர் நிறத்துக்கு வரும் இரண்டு மூன்று நாட்களே நாட்கள்.

மூன்றாவதாக எடையைச் சொல்லவேண்டும். புதியவர்கள் செய்யும் பிழைகளுள் இதுவே பெரிது. தூரம் போகவேண்டும் என்பதற்காக ஓர் அவுன்ஸ் ஈயத்தைக் கட்டி எறிவார்கள். அது கல்லைப்போல விழும். மீன் அஞ்சி விலகும். அடித்தரையை உணரக்கூடிய எடைகளுள் மிகக் குறைந்தது எதுவோ அதுவே சரியான எடை. ஓட்டமில்லாத இரண்டு பாக ஆழத்துக்குக் கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம், போதும். எறிந்த பின் மனத்திற்குள் எண்ணுங்கள். நான்கு, ஐந்து எண்ணும்போது நூல் தளர்ந்தால் தரை தட்டிற்று என்பது பொருள். ஒன்றிரண்டிலேயே தட்டினால் எடை மிகை. பத்து எண்ணியும் தட்டாமல் நூல் பக்கவாட்டில் வில்போல வளைந்தால் எடை குறைவு. அரை அவுன்சுக்கு மாறுக. பாலத்தடியில் ஓட்டம் விரைந்தால் முக்கால் அவுன்சும் வேண்டியிருக்கும். நான்கைந்து எடைகளைச் சிறு டப்பாவில் வைத்துக்கொண்டு, ஓட்டம் மாறுந்தோறும் மாற்றிக் கட்டுபவரே பெரிய மீனைக் காண்பவர். சோம்பலுக்கு இங்கே இடமில்லை.

இதையெல்லாம்விட முக்கியமானது, ஜிக் விழும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. பெரும்பாலான கடி, தூண்டிலை இழுக்கும்போது வருவதன்று. அது விழும்போது வருவது. காயப்பட்ட மீன்குஞ்சு தள்ளாடித் தாழ்வதைப்போல அது இறங்குகின்றது. கீழே நிற்கும் கொடுவா வாய் திறக்கின்றது. உறிஞ்சிய பொருள் ஈயமென்று தெரிந்தால் நொடிப்பொழுதில் துப்பிவிடும். நூல் முழுவதும் தளர்ந்து கிடந்தால் உறிஞ்சியதும் தெரியாது, துப்பியதும் தெரியாது. நம் மாணவரின் நூலில் பெரிய மீன் “ஏறவில்லை” என்கிறாரே, அது பலமுறை வந்து துப்பிவிட்டுப் போயிருக்கலாம் என்பதே நமது ஐயம்! நூலை இறுக்கிப் பிடித்தாலோ ஜிக் செங்குத்தாக விழாமல் ஊஞ்சல்போலக் கரைநோக்கி ஆடி வரும். மீன் நிற்கும் இடத்தை விட்டு விலகும். ஆகவே கோலின் நுனியை உயர்த்தி வைத்து, ஜிக் தாழத் தாழ நுனியையும் அதன் வேகத்துக்கே இறக்கிச் செல்லவேண்டும். நூல் இறுகவும் கூடாது, சுருளவும் கூடாது. கைத்தூண்டில் போடுபவர்கள் ஆட்காட்டி விரலின்மேல் நூலை ஓடவிட்டால் கோலைவிட நுட்பமாக உணரலாம். நமது வள்ளக்காரர் பலர் கோலை விரும்பாததற்கு இது ஒரு காரணம் போலும்.

கண்ணும் நூலின்மேல் இருக்கட்டும். கடி என்பது எப்போதும் இழுப்பாக வருவதில்லை. நூல் ஒரு சிறு துடிப்புத் துடிக்கும். அல்லது ஐந்து எண்ணித் தரை தட்டவேண்டிய இடத்தில் மூன்றிலேயே தளரும். அல்லது ஓட்டத்துக்கு எதிராகப் பக்கத்தே நகரும். இம்மூன்றில் எதைக் கண்டாலும் எண்ணிக்கொண்டிராமல் கோலைச் சட்டென உயர்த்துக. பத்தில் ஏழு முறை அது வேராகவோ பாசியாகவோ இருக்கும். இருக்கட்டும், நட்டம் ஒன்றுமில்லை.

தரை தட்டிய பின் பெரும்பாலோர் உடனே இழுப்பார்கள். பெரிய மீனை விரும்புபவர் அப்போது ஒன்றும் செய்யாதிருக்கக் கற்கவேண்டும். பத்து எண்ணும் வரையில் ஜிக் சேற்றிலே கிடக்கட்டும். பின்னர் ஒரு முழம் உயர்த்தி, மீண்டும் முன்சொன்னவாறு இறக்குக. மறுபடி ஓய்வு. சிறுமீன் விரைந்து வருவதைக் கடிக்கும். பெருமீன் உழைப்பைக் கணக்குப் பார்க்கும். ஒரு சிறு இறாலுக்காக ஒதுக்கை விட்டு ஓட்டத்தில் நீந்துவது அதற்குக் கட்டுபடியாகாது. ஆகவே இரையும் சற்றுப் பெரிதாக, ஒரு சாணளவு இருக்கலாம். அது மீனின் மூக்குக்கு மிக அருகே, மெதுவாக, ஓட்டத்தோடு ஒத்து வரவேண்டும். ஓட்டத்தை எதிர்த்து நீந்தி வரும் இறாலை எந்தக் கொடுவாவும் கண்டதில்லை. மேலோட்டத்தில் எறிந்து, ஓட்டமே அதை நிழலுக்குள் கொண்டுசெல்ல விடுங்கள். நிழலின் நடுவிலே நேரே எறிந்தால் அந்த ஓசையிலேயே பெரியது போய்விடும். ஒரு தூணடியில் முதல் இரண்டு மூன்று எறிகளே பயனுள்ளவை. அதற்குமேல் அவ்விடத்தை அரைமணி நேரம் ஆறவிட்டு வேறிடம் போவது நல்லது.

மீன் பட்டபின் என்ன செய்வது? நூலைப்பற்றி இங்கே ஒரு சொல். கொடுவாவுக்குக் கோரைப்பல் இல்லை. ஆனால் வாயின் உட்புறம் அரத்தைப்போல் சொரசொரப்பானது. செவுள்மூடியின் விளிம்போ கத்தி. மெல்லிய பின்னல் நூலை நேரே முள்ளில் கட்டினால் அறுந்துபோகும். முள்ளுக்கு முன்னால் ஒரு பாக நீளம் 40 முதல் 60 இறாத்தல் தாங்கும் தடித்த தங்கூசியை இணைக்கவேண்டும். பட்டதும் பெரிய மீன் செய்யும் முதல் வேலை வேருக்குள் ஓடுவது. முதல் ஐந்து நொடிகளில் அதைத் திருப்பாவிட்டால் நூல் வேரைச் சுற்றும்; பின் உங்கள் பாடு. அடுத்தது துள்ளல். முழு உடலும் நீருக்குமேல் எழுந்து தலையை உதறும். வாயிலே தொங்கும் ஈயக்குண்டு அவ்வுதறலில் கவண்கல்போல் ஆடி முள்ளைக் கழற்றிவிடும். நூல் மேல்நோக்கி எழுவதைக் கண்டவுடன் கோலின் நுனியை நீர்மட்டம்வரை தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். பல துள்ளல்கள் பாதியிலேயே அடங்கும். கரைக்கு வந்த மீனின் செவுளுக்குள் விரல் விடாதீர்கள், விரல் கிழியும்.

இரவிலே ஆற்றுமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி நின்று எறிவது வேண்டா. முதலைக்கும் அதே ஒதுக்கு, அதே வேளை பிடிக்கும்.

தாய்மார் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடையில் விற்கும் ஜிக்கின் விலை கருதிப் பல இளைஞர்கள் ஈயத்தைத் தாமே உருக்கி வார்க்கிறார்கள். ஈயம் 327 பாகைச் செல்சியசில் உருகிவிடும், விறகடுப்பே போதும். அதனாலேயே அது சமையலறைக்கு வந்துவிடுகின்றது. பழைய சட்டியில் உருக்கி, கழுவி, அதிலேயே மறுநாள் குழம்பு வைப்பதைப்போன்ற கேடு வேறில்லை. ஈயம் உடலில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இவ்வளவுக்குக் கீழ் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் குழந்தைகளுக்கு இல்லை. பழைய மோட்டார் பற்றரியை உடைத்து எடுக்கும் ஈயம் இன்னும் கொடியது. அதில் அமிலமும் வேறு நஞ்சுகளும் கலந்திருக்கும். உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தால் அது நீராவியாகி ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். வார்த்தே தீரவேண்டுமானால் வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி, அதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில், குழந்தைகள் இல்லாத வேளையில் செய்யட்டும். அறுந்த தூண்டிலை வாயில் கவ்விக்கொண்டு முடிச்சிடும் பழக்கத்தையும் விடவேண்டும். பிரித்தானியாவில் அன்னப்பறவைகள் நீரடியிலே கிடந்த ஈயக்குண்டுகளை விழுங்கி இறந்தமையால், 1987 ஆம் ஆண்டு முதல் சிறு ஈய எடைகளை விற்பது தடைசெய்யப்பட்டது. தங்ஸ்தனில் செய்த ஜிக்குகள் இப்பொழுது கிடைக்கின்றன. ஈயத்தைவிட அடர்த்தி மிகுந்ததால் உருவம் சிறிதாக இருக்கும், விலைதான் பெரிது.

இனி, கடிதத்தின் முதற்கேள்வி. பெரிய மீன் அங்கே இல்லையா?

கொடுவாவின் வாழ்க்கையில் ஒரு விந்தை உண்டு. குஞ்சுகளுள் பெரும்பாலானவை ஆணாகவே வளர்ந்து முதிர்கின்றன. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும்போது அவை பெண்ணாக மாறிவிடுகின்றன. ஆசியக் கடல்களில் தொடக்கம்முதலே பெண்ணாயிருப்பனவும் சில உண்டு. எவ்வாறாயினும், ஆறுகளிலும் களப்புகளிலும் நாம் காணும் மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே தாய்மீன்கள். மழைக்காலத்தை ஒட்டி அவை உப்பு மிகுந்த ஆற்றுமுகத்துக்கு வந்து முட்டையிடும். நன்னீரில் அவை இனம்பெருக்குவதில்லை. முற்றிய தாய்மீன் ஒன்று கோடிக்கணக்கில் முட்டையிடும். முழ நீள மீன்கள் நூறு இருந்தாலும் அவை அனைத்தும் ஆணாயின் ஒரு முட்டையும் கிடையாது.

ஆகவே “பெரியதைப் பிடிப்பது எப்படி” என்று கற்பிக்கும் ஒருவர், பிடித்தபின் என்ன செய்வது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். குவீன்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் 58 சென்ரிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் வைத்திருக்கக் கூடாது. 120 சென்ரிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்திருக்கக் கூடாது. முட்டையிடும் காலத்தில் மூன்று மாதம் பிடிக்கவே கூடாது. சிறியதை வளரவிடு என்பதை எல்லா நாட்டாரும் அறிவர். பெரியதையும் விட்டுவிடு என்பது புதிய அறிவு. நமது மரபோ பெரிய மீனைத் தோளிலே சுமந்து ஊர்வலம் வருவது.

இதை எழுதும்போது ஒரு தயக்கம் நமக்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டில் போர் காரணமாக ஊரைவிட்டு வெளியேறினர். அவர்தம் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாகவும், பின் அனல் மின்னிலையம் முதலிய திட்டங்களுக்கு ஒதுக்கிய இடமாகவும் அடைபட்டுக் கிடந்தன. 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே அவர்கள் மீளத் திரும்பினர். அனல் மின்னிலையத் திட்டமும் 2016 இல் கைவிடப்பட்டது. பத்து ஆண்டு என்பது சிறுவன் ஒருவன் தந்தையின் வள்ளத்தில் அமர்ந்து, எந்தத் தூணடியில் எந்த மாதம் என்ன மீன் நிற்கும் என்று கற்கும் காலம் முழுவதுமாகும். முகாமிலே வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கல்வி எங்கே கிடைக்கும்? அத்தகைய குடும்பம் ஒன்றின் தூண்டிலில் இருபது கிலோக் கொடுவா படுமானால், “அம்மீன் தாய், விட்டுவிடு” என்று நகரத்து நாற்காலியிலிருந்து சொல்ல நமக்கு வாய் வராது. அது பிள்ளைகளின் புத்தகம், கடைக்காரரின் கடன். ஆனால் நமக்குக் கடிதம் எழுதியவர் போன்று, ஓய்வுக்கும் உவகைக்கும் தூண்டில் எறிபவர்கள் நிலை வேறு. அவர்களுக்கு நமது கருத்து இதுதான்: இரண்டு முழத்துக்கு உட்பட்ட நடுத்தர மீனை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கறிக்கும் அதுவே சுவை. மீட்டரைத் தாண்டியதை விட்டுவிடுங்கள். தொழிலாளியிடம் கேட்க முடியாததை விளையாட்டாளர் செய்யலாம் அன்றோ?

தூண்டிலை மட்டும் குறைசொல்வதும் நீதியன்று. ஒரு தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனை எடுக்கின்றது. வெடி வைத்துப் பிடிப்பவரோ தாயையும் குஞ்சையும் அவை வாழும் பாறையையும் ஒருசேர அழிக்கிறார். வெடியடித்து மீன்பிடித்தல் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தின்படி குற்றமாகும். ஆயினும் திருகோணமலைக் கரையில் அந்த ஓசை அடங்கிவிடவில்லை. வெடியிலே செத்த மீன்களுள் பல மிதக்காமலே அடியில் அழுகிப்போகின்றன. கண்டற்காடு வெட்டப்படுவதும் அத்தகையதே. வேரில்லாத கரையில் கொடுவாக்குஞ்சு வளர இடமில்லை. இம்மீனை வளர்த்தும் எடுக்கலாம். தாய்லாந்தினர் 1970களின் தொடக்கத்திலேயே இதைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்தனர். சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையம் 1997 இல் அதைச் சாதித்தது. திருகோணமலைக் கடலிலேயே கூடுகளில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் கூட்டு மீன் எவ்வளவு விற்றாலும் கட்டைபறிச்சான் பாலத்தடிக்குத் தாய்மீன் திரும்பி வந்துவிடாது.

விடுவதற்கும் ஒரு முறை உண்டு. முள்ளின் உட்புறத்தே திரும்பி நிற்கும் சிறு பல்லைக் குறட்டினால் முன்கூட்டியே நசுக்கி வைத்தால், நூல் தளராதவரை மீன் தப்பாது; கழற்றுவதும் எளிது. பெரிய மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் முதுகெலும்பையும் தொண்டைத் தசையையும் கெடுத்துவிடும். ஒரு கை தாடையிலும் மறு கை வயிற்றின் கீழுமாகக் கிடையாக ஏந்துக. கைகள் நனைந்திருக்கட்டும்; உலர்ந்த கை செதிலின்மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். சுடுமணலில் போட்டுப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளக்கூடிய நேரத்துக்குமேல் அதை நீருக்கு வெளியே வைத்திருக்கவேண்டா. ஓட்டத்தை நோக்கித் தலை இருக்கும்படி நீருக்குள் தாங்கிப் பிடித்தால், செவுள் அசைந்து, வால் வலிமை பெற்று, தானே கையை உதறிப் போகும்.

கடிதத்தின் ஓரத்திலே, “எந்த நிறம் நல்லது?” என்றும் ஒரு வரி இருந்தது. நிறத்தைப்பற்றி மீன்பிடிப்போர் சண்டையிடுவதுபோல மீன்கள் சண்டையிடுவதில்லை. தெளிநீருக்கு வெள்ளையோ வெள்ளி நிறமோ கட்டுக. செந்நீருக்கும் இருளுக்கும் கறுப்பு. மேலே பார்க்கும் மீனுக்கு மங்கிய வானத்தின் எதிரே கறுப்பே துலக்கமாய்த் தெரியும். வெள்ளைச் சேவலின் கழுத்திறகு கிடைத்தால் கடையில் எதையும் வாங்கவேண்டியதில்லை.